பெயருக்குப் பின்னால் ஒரு சொல்

பெங்களூரிலிருந்து டோக்கியோவுக்குக் கடிதம் எழுத உட்காரும்போது நம் ஊர் மரியாதையும் நினைவுக்கு வருகிறது.

காலை ஒன்பது மணி. டொம்லூர் மேம்பாலத்தில் வாகனங்கள் நகர மறுக்கின்றன. பக்கத்துக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், திருநெல்வேலிக்காரரான ஓர் இளம் பொறியாளரின் கடிதமும் நகர மறுக்கிறது. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. டோக்கியோவில் இப்போது பகல் பன்னிரண்டரை. அவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

கடிதம் நான்கே வரி. வேலையை முடிக்க இரண்டு நாள் அவகாசம் கேட்கிறது. ஆங்கிலம்தான். நான்கு வரியும் தயார். தகராறு நான்கு வரிக்கும் மேலே இருக்கும் ஒரே ஒரு சொல்லில். பெறுநரின் பெயருக்குப் பின்னால் 'சன்' போடுவதா, 'சமா' போடுவதா?

"அமெரிக்காவுக்கு என்றால் 'ஹாய்' போட்டு எப்போதோ அனுப்பியிருப்பேன். இவங்களுக்கு எழுதும்போது மட்டும் மாமனாருக்குக் கடிதம் எழுதுற மாதிரி இருக்கு" என்கிறார். மொழிபெயர்ப்பு வேலையாக அங்கே போயிருந்த என்னிடம் தீர்ப்புக் கேட்டார். "பணம் கொடுக்கிற வாடிக்கையாளர், அவகாசம் கேட்பது நீங்கள், அதனால் 'சமா'" என்றேன். அரை மணி நேரச் சங்கடம் தீர்ந்தது.

இப்படிப்பட்ட சங்கடங்கள் பெங்களூரில் தினமும் நூற்றுக்கணக்கான மேஜைகளில் நிகழ்கின்றன. இந்த நகரத்தின் ஜப்பானிய உறவு மென்பொருளுக்கு முந்தியது. 1961இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது இங்கேதான். நம் அப்பாக்களின் மணிக்கட்டில் ஓடியது அந்த உறவு. மைசூர் சாலையில், தட்டு இட்லிக்குப் பேர்போன பிடதியில், 1997இல் உருவான டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனம் 1999 டிசம்பரில் வண்டிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. கோலார் பக்கம் நரசாபுராவில் 2013இல் ஹோண்டாவின் இருசக்கர வாகனத் தொழிற்சாலை வந்தது. கப்பன் சாலையில் ஜப்பானியத் துணைத் தூதரகம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய 'ஜப்பான் ஹப்பா' விழாவில் கன்னடத்துப் பிள்ளைகள் ஜப்பானியப் பாட்டுப் பாடுகிறார்கள். ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிக்கிறவர்களை மெட்ரோ ரயிலில்கூடப் பார்க்கலாம். சிறு அட்டைகளில் எழுத்துக்களை எழுதி வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

அவர்களைக் கேட்டால், எழுத்துக்களைவிடக் கஷ்டம் 'கெய்கோ' என்பார்கள். மரியாதை மொழி என்று பொருள். இங்கு பலரும் படிக்கும் 'மின்னா நோ நிஹோங்கோ' என்ற தொடக்கநிலைப் பாடநூலில் அது 49, 50ஆம் பாடங்களில் வருகிறது. மொத்தமே 50 பாடங்கள்தான். மொழியின் வாசலைத் தாண்டிய பிறகுதான் அதைத் தொட விடுகிறார்கள்.

அடிப்படை விதிகள் எளிமையானவை. 'சன்' (உச்சரிப்பு ஏறக்குறைய சன் டி.வி.யின் 'சன்'தான்) யாருக்கும் பொருந்தும். ஆணா பெண்ணா, மணமானவரா இல்லையா என்று கேட்காது. முகம் பார்க்காமல் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஜப்பானியப் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று நமக்குத் தெரியாது. நம் பெயரை வைத்து அவர்களுக்கும் தெரியாது. 'சமா' அதைவிட உயர்ந்தது. வாடிக்கையாளருக்கும், கடித உறைமேல் எழுதும் பெயருக்கும் உரியது. கடவுளுக்கும் அதுதான். 'குன்' பெரும்பாலும் இளைய ஆண்களுக்கு, மேலிருந்து கீழே வருவது. ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோர் 'சென்செய்'. ஒரு தனி ஆளுக்கு அல்லாமல் ஒரு நிறுவனத்துக்கோ துறைக்கோ எழுதினால் 'ஒன்ச்சூ' என்று வேறொரு சொல். ஆங்கிலக் கடிதத்தில் 'மிஸ்டர் தனாகா' போதும், 'தனாகா-சன்' என்றாலும் போதும். 'மிஸ்டர் தனாகா-சன்' என்றால் 'திருவாளர் முருகன் அவர்கள் சார்' என்பது போல. எல்லாவற்றுக்கும் மேலான விதி: தன் பெயருக்குத் தானே 'சன்' போட்டுக்கொள்ளக் கூடாது. தொலைபேசியில் "நான் தனாகா-சன் பேசுகிறேன்" என்று எந்த ஜப்பானியரும் சொல்ல மாட்டார்.

கடிதத்தின் உடலுக்கும் ஒழுங்கு உண்டு. ஜப்பானிய மொழியில் எழுதும் அலுவலகக் கடிதம், "எப்போதும் உங்கள் ஆதரவில் இருக்கிறோம்" என்ற பொருள்படும் ஒரு வாக்கியத்தோடு தொடங்கும். பிறகு இன்ன நிறுவனத்து இன்னார் என்ற அறிமுகம். பத்தாவது கடிதமானாலும் அதே அறிமுகம். கடைசியில் "தயவுகூர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது போல ஒரு முடிப்பு. விஷயம் நடுவில் மெல்ல வந்து உட்கார்ந்திருக்கும். பலருக்கு ஒரே கடிதம் போனால் பெயர்களைப் பதவி வரிசையில் அடுக்குவார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயருக்கு மேலே சித்தப்பா பெயர் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உண்மையில் இந்தியர்களுக்கு இது அந்நியமான விஷயமே அல்ல. பெங்களூர்த் தெருவில் பத்து நிமிடம் நின்றால் போதும். கன்னடக்காரர் வினைச்சொல்லின் வாலில் ஒரு 'ரீ' சேர்த்து மரியாதை காட்டுவார்; பெயருக்குப் பின்னால் 'அவரே' சேர்ப்பார். தெலுங்கர் 'காரு' என்பார். வடக்கத்தியவர் 'ஜி' என்பார். சிவாஜி நகரிலும் அல்சூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர் 'அண்ணே' என்பார். எல்லாமே ஜப்பானிய 'சன்' போலப் பெயருக்குப் பின்னால் வந்து நிற்பவை, அல்லது பெயரையே தேவையில்லாமல் ஆக்குபவை. அலுவலக லிஃப்டுக்குள் நுழைந்ததும் இவை எல்லாம் உதிர்ந்து, ஆங்கிலத்தில் மொட்டைப் பெயர் ஆகிவிடுகிறோம். ஜப்பானியரிடமிருந்து வரும் கடிதம்தான் நமக்கு மறுபடி ஒரு வாலைக் கொடுக்கிறது.

தமிழ் படித்த எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிந்தது ஒன்று உண்டு. மரியாதைக்குரிய பொருளுக்கு முன்னால் ஜப்பானியர் 'ஒ' அல்லது 'கொ' என்று ஒரு முன்னொட்டுச் சேர்ப்பார்கள். பெயர் 'நமாயே', உங்கள் பெயர் 'ஒநமாயே'. நமக்கு நாமம், திருநாமம். நம்முடைய 'திரு' செய்யும் வேலையை அந்த 'ஒ' செய்கிறது. தேநீருக்கும் அதைச் சேர்த்து 'ஒச்சா' என்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. வைணவ வீடுகளின் பரிபாஷையைக் கேட்டவர்களுக்கு மற்றதும் புரியும். பெரியவர் சாப்பிடுவதில்லை, அமுது செய்கிறார். வருவதில்லை, எழுந்தருளுகிறார். பேசுகிறவர் 'அடியேன்'. அவர் வீடு திருமாளிகை, என் வீடு குடிசை. ஜப்பானிய மொழியிலும் அப்படியே. பெரியவர் உண்பதற்கு ஒரு வினை, நான் உண்பதற்குப் பணிவான இன்னொரு வினை. ஏற்றிச் சொல்லும் சொற்கள் ஒரு பக்கம், தன்னைத் தாழ்த்திச் சொல்லும் சொற்கள் மறுபக்கம். 2007இல் ஜப்பானின் கலாசாரக் குழு ஒன்று இவற்றை ஐந்து வகையாகப் பிரித்து வழிகாட்டி நூலே வெளியிட்டது. சொந்த நாட்டுக்காரர்களுக்கே வழிகாட்டி தேவைப்படுகிறது என்பதில் நமக்கு ஓர் ஆறுதல்.

ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919-2008) இரு மொழிகளுக்கும் இரத்த உறவே உண்டு என்று வாதாடியவர். நான் முதுகலை படித்தபோது எங்களுக்கு அது பெருமையான செய்தி. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாமலே இரண்டு வீடுகளில் ஒரே மாதிரிப் பழக்கங்கள் இருக்கலாம். ஆனால் ஓர் இடத்தில் இரண்டு வீடுகளும் நேர் எதிர்த் திசையில் திரும்புகின்றன. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இந்த நகரத்தில் ஒரு சிறு தொழிற்சாலை. ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்குப் போகவேண்டிய ஆங்கிலக் கடிதத்தில் மரியாதைச் சொற்களை மட்டும் சரிபார்க்கச் சொன்னார்கள். அரைகுறையாகப் படித்த தைரியத்தில் எல்லோருக்கும் 'சன்' போட்டேன். அவர்கள் ஆட்களுக்கும் போட்டேன், எங்கள் நிர்வாக இயக்குநருக்கும் போட்டேன். கடிதம் போயிற்று. பதிலும் மரியாதையாகவே வந்தது. பின்னொரு நாள் அதன் நகலை என் ஜப்பானிய ஆசிரியையிடம் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

விஷயம் இதுதான். ஜப்பானியக் கணக்கில் உலகம் உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரிகிறது. வெளியாரிடம் பேசும்போது நம் முதலாளியும் 'உள்ளே' இருப்பவர். அவரை உயர்த்திப் பேசினால் கேட்பவரைத் தாழ்த்தியதாக ஆகிவிடும். ஆகவே வாடிக்கையாளரிடம் தன் தலைவரைப் பற்றிச் சொல்லும்போது 'சன்' இல்லாமல் வெறும் பெயர்தான். உங்கள் அப்பா 'ஒதோசன்'. என் அப்பாவைப் பற்றி உங்களிடம் சொல்லும்போது வெறும் 'சிச்சி'. நம் ஊரில் யாரிடம் பேசினாலும் 'எங்கப்பா வந்தார்'தான். 'வந்தான்' என்றால் அடி விழும். அலுவலகத்திலும் வெளியாரிடம் "சார் வெளியே போயிருக்கார்" என்றுதான் சொல்கிறோம். நமக்கு மரியாதை ஆளோடு ஒட்டியது. அவர்களுக்கு அது பேசுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

அடுத்த கடிதத்தில் பாடம் படித்தவனாக எங்கள் இயக்குநரின் 'சன்'னை வெட்டினேன். மறுநாள் தொழிற்சாலை மேலாளர் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ஊரில் இருக்கிற எல்லோருக்கும் மரியாதை. எங்க எம்.டி. பேர் மட்டும் மொட்டையா இருக்கு. நீங்க எந்தப் பக்கம்?" நியாயமான கேள்வி. ஆசிரியையே வழி சொன்னார். ஜப்பானிய மொழியில் பதவி, பெயருக்குப் பின்னால் வந்தால் மரியாதை. முன்னால் வந்தால் வெறும் தகவல். ஆகவே 'நிர்வாக இயக்குநர் இன்னார்' என்று பதவியை முன்னால் போட்டோம். டோக்கியோவுக்கு அது பணிவாகத் தெரிந்தது. பெங்களூருக்கு அது கௌரவமாகத் தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர் பிழைத்துக்கொண்டார்.

மரியாதைச் சொற்கள் நாணயம் போல. புழங்கப் புழங்கத் தேயும். ஒருவரைப் பன்மையில் சொல்வது பேச்சு வழக்கில் உண்டே தவிர இலக்கண நெறியில் இல்லை என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார். வழக்குதான் ஜெயித்தது. பலரைக் குறித்த 'அவர்' ஒருவரைக் குறிக்க வந்தது. அது போதாமல் 'அவர்கள்' வந்தது. 'நீர்' ஒரு காலத்தில் உயர்வு. இன்று ஒருவரை 'நீர்' என்றால் சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கிறது. ஜப்பானில் 'கிசமா' என்ற சொல்லில் 'சமா'வே ஒளிந்திருக்கிறது. ஒரு காலத்தில் கடிதங்களில் மரியாதையாக எழுதிய சொல் அது. இன்று அது வசை.

தேய்வதைத் திருத்தவும் மனிதர்களால் முடியும். ஜப்பானிய நாடாளுமன்றத்தில் அவைத் தலைவர் உறுப்பினர்களை 'குன்' என்று அழைப்பது மரபு. 1993இல் கீழவையின் முதல் பெண் தலைவராக வந்த தகாகோ தோய், 'சன்' என்று அழைத்தார். சில நிறுவனங்கள் பதவிப் பெயர்களை விட்டுவிட்டு, தலைவர் முதல் புதிதாகச் சேர்ந்தவர் வரை எல்லோரும் 'சன்' என்று விதி வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 1967க்குப் பிறகு அரசுக் கடிதங்களில் 'ஸ்ரீ' போய் 'திரு' வந்ததும் இப்படி ஒரு முடிவுதான். சொல் சின்னது. அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

இதை எனக்குப் புரியவைத்தவர் சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, இங்கே ஜப்பானிய வாடிக்கையாளர்களோடு வேலை செய்யும் ஒரு பெண் பொறியாளர். தமிழர்களின் பெயர்ச் சிக்கல் தெரிந்ததே. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சாதிப் பெயரையும் விட்டுவிட்டோம். இருப்பது ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்தபோது, அப்பாவின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. ஜப்பானியர் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். ஆங்கில எழுத்தில் எழுதும்போதும் அதையே முன்னால் வைப்பது என்று அவர்கள் அரசே 2020 முதல் அலுவல் ஆவணங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆக, இவருக்கு வரும் ஒவ்வொரு கடிதமும் அப்பாவின் பெயரோடு 'சன்' சேர்த்துத் தொடங்கும்.

"முதல் கடிதம் வந்தபோது சிரிப்பு வந்தது. ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். 'சன்'னா என்னம்மா என்றார். 'அவர்கள்'னு அர்த்தம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், 'எனக்கா?' என்று கேட்டார்."

அப்பா விவசாயக் கூலி. ஊரில் பண்ணையார் வீட்டுச் சிறுவர்கள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வாடா, போடாதான். அறுபது வயதிலும் அப்படித்தான். ஊராருக்கு அவர் ஒருநாளும் 'அவர்' ஆனதில்லை. எப்போதும் 'அவன்'தான். "அம்மாவுக்கு அதுவும் கிடையாது. 'அது வந்துச்சு'தான்" என்றார் மகள்.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பெயர் தவறாக வருகிறது, சொன்னால் திருத்திவிடலாம் என்று அண்மையில் ஒரு சக ஊழியர் யோசனை சொன்னாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "தினமும் காலையில் ஜப்பானிலிருந்து எங்கப்பாவுக்கு மரியாதையா ஒரு கடிதம் வருது. அதை நான் எதுக்கு நிறுத்தணும்?"

ஜப்பானியர் மரியாதையில் எல்லோரும் சமம் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். அவர்களுடையதும் ஏணிதான். படிகள் நம்முடையதைவிட அதிகமாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஏணியில் அந்நியர் ஒருவர் ஏறும்போது, அவர் யார் என்று தெரியாத நிலையில், அவருக்குக் கிடைக்கும் முதல் படி 'சன்'. நம் ஏணியில் யார் என்று தெரியாதவரைச் சட்டையைப் பார்த்து எடைபோடுகிறோம். கொஞ்சம் மங்கலான சட்டை என்றால் 'நீ'.

டொம்லூருக்குத் திரும்புகிறேன். கடிதம் 'சமா'வோடு போயிற்று. நிம்மதியாகத் தேநீர் குடிக்கக் கீழே இறங்கினோம். வாசலில் காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வணக்கம் வைத்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். "ஏம்ப்பா, என் வண்டியை எங்கே தள்ளி வெச்சே?" என்று இளைஞர் கேட்டார். காவலாளி பணிவாகக் கை காட்டினார். இளைஞர் கெட்டவர் அல்ல. கேட்டதும் கோபமாகக் கேட்கவில்லை. டோக்கியோவில் இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்காக அரை மணி நேரம் யோசித்தவர், இவருக்காக அரை நொடி யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்ப முடியாது. அந்தக் கட்டடத்துக்கு நான் போகத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தக் காவலாளியை நான் எப்படி அழைத்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். அழைத்ததே இல்லை.

மறுநாள் காலை அவர் பெயரைக் கேட்டேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். கன்னடக்காரர். பெயருக்குப் பின்னால் 'அவரே' என்று சேர்த்து வணக்கம் சொன்னேன். அவர் உடனே திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து.